தெற்குச் சுவர்க் கொடி

சாரத்தின் மேல்பலகையில் மண்டியிட்டிருந்த சூசைமரியான், மூச்சு முழுவதையும் வெளியே விட்ட பிறகுதான் பிரஷைச் சுவரில் வைத்தார். மூச்சு உள்ளே நின்றால் கை ஆடும். விட்ட மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஓர் இலையை முடித்துவிட வேண்டும். காலையில் போட்ட மாத்திரை பதினோரு மணிவரை தாங்கும். அதற்குப் பிறகு எழுதும் இலைகளுக்கு அவர் பொறுப்பில்லை.

இடக்கையில் முனையில் துணி சுற்றிய குச்சி ஒன்றைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்திருந்தார். இப்படிக் குச்சி ஊன்றுகிறவர்களை ஒரு காலத்தில் வாய் வலிக்கக் கேலி பேசியவர்தான். காளையார்கோவில் சுற்று வட்டாரத்தில் எத்தனை மாதா சப்பரங்களுக்குச் சிறகு விரித்த சம்மனசுகளின் முகம் எழுதிய கை அது. இமை மயிரை ஒரே இழுப்பில் இழுக்கும். போன ஐப்பசி மழையில் சுண்டுவிரலில் தொடங்கியது ஆட்டம். பொங்கலுக்குள் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி, அதுவரைக்கும் போட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மதுரைக்கு அவர் போகவில்லை. போனால் ஊருக்குத் தெரியும். கை ஆடுகிறவனைச் சாரத்தில் ஏற்றுவதற்கு எந்தக் காண்ட்ராக்டருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

கீழே செல்வம் காவி கலக்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருப்பவன். சுவரில் எழுதும் இலைக்கொடிக்கு மேலும் கீழும் ஓடும் நீளக் கோடுகள் இப்போது அவன் பாடு. "கோடு எனக்கு, எல உங்களுக்குண்ணே" என்று ஒருநாள் சொன்னான், அவ்வளவுதான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வேலை மானகிரியில். வரிசையாக எட்டுப் புது வீடுகள், எல்லாம் செட்டிநாட்டுப் பாணியில். வாங்கியவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல், சுவருக்கு இழைத்த சுண்ணாம்பு, கூடத்தில் விட்டத்துக்குக் கீழே நாலு சுவரையும் சுற்றிக் கையால் எழுதிய கொடி. முதல் வீடு மாதிரி வீடு. அலங்கார வேலை பார்க்கும் சென்னை மேடம் சுபலட்சுமிக்கு இந்தக் கொடி பிடித்துவிட்டால், மற்ற ஏழு வீடும் சூசைமரியானுக்கும் செல்வத்துக்கும். ஒன்றரை வருஷத்துக்கு வேறு வேலை தேடி அலைய வேண்டாம். பிடிக்காவிட்டால் எந்தச் சாரமும் இல்லை.

டீ வந்தது. சூசைமரியான் வழக்கம்போல அரை கிளாஸ் வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டர் குழந்தைவேலு உள்ளே வந்தார்.

"சூசை, மேடம் வெள்ளிக்கெழம காலையில வர்றாக. தெக்குச் செவரும் முடிஞ்சிருக்கணும்."

"முடிச்சிருவோம் சார்."

"அதென்னய்யா எப்பப் பாத்தாலும் அரை கிளாசு? சுகரா?"

"ஆமா சார், சுகருதான்."

செல்வம் தலை நிமிராமல் காவியைக் கலக்கினான்.

வியாழக்கிழமை விடிந்ததும் செல்வத்திடமிருந்து போன். திருப்பத்தூரில் அவன் மாமியார் தவறிவிட்டாள். சூசைமரியான் தனியாகத்தான் வந்தார். மதியத்துக்குள் தெற்குச் சுவரின் இலைகளில் முக்கால்வாசி முடிந்தது. கோடு பாக்கி இருந்தது. நூலில் காவிப்பொடி தடவித் தட்டி, அந்தத் தடத்தின்மேல் பிரஷை வைத்தார். மாத்திரை தன் வேலையை முடித்துக்கொண்டு போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

இரண்டு சாண் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு கோடு சிலிர்த்துக்கொண்டது. நிறுத்தினார், மூச்சை விட்டார், மறுபடி வைத்தார். ஓரிடத்தில் கை சட்டென்று கீழே வெட்டி, கோடு விக்கல் எடுத்ததுபோல் இறங்கி ஏறியது. பதறிப்போய் இழுத்ததில் மேலே இருந்த இலையின் நுனியும் கலைந்து கோட்டில் வழிந்தது. ஈரத்துணியால் ஒற்றினார். சுண்ணாம்புச் சுவர் சாயத்தைக் குடித்துவிட்டது. அழிக்க அழிக்க அந்த இடம்தான் முதலில் கண்ணில் பட்டது.

பாதியில் விட்டால் இன்னும் கேவலம். மீதி இலைகளையும் எழுதி, கோட்டைக் கடைசிவரைக்கும் இழுத்து முடித்தார். சாயங்காலம் கீழே இறங்கிப் பார்த்தபோது, மூன்று சுவரிலும் ஒழுங்காக வந்த கொடி தெற்குச் சுவரில் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. அவருக்கு அழுகை வந்தது. சாக்கு விரித்த தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் செல்வம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். சுவரைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"என்னண்ணே இது... ஒரு போன் அடிச்சிருக்கலாமுல்ல?"

"எழவு வீட்டுல இருக்கவன எப்புடிடா கூப்புடுறது?"

"சரி, நாந்தான் போட்டேன்னு சொல்லிர்றேன். ராத்திரி முழிச்சது, கண்ணு சொருகிருச்சுன்னு சொல்லுறேன். நீங்க பேசாம இருங்க."

"வேணாம்டா" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மேடம் மூன்று சுவர்களையும் அண்ணாந்து பார்த்தபடியே வந்தாள். தெற்குச் சுவருக்கு வந்ததும் நின்றாள். குழந்தைவேலுவும் அப்போதுதான் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"மேடம், அத அழிச்சுட்டு மறுக்கா..."

மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். சாரத்தில் ஏறி, அந்த வழிந்த இலைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இது யார் போட்டது?"

செல்வம் வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் சூசைமரியான் முந்திக்கொண்டார். "நாந்தான் மேடம்."

"இதான். எனக்கு இதான் வேணும்." அவள் குரலில் சந்தோஷம் வழிந்தது. "அந்த மூணு சுவரையும் பாருங்க, பிரிண்ட் எடுத்து ஒட்டின மாதிரி இருக்கு. இதுல கை தெரியுது. ஒரு மனுஷன் உக்காந்து பண்ணது தெரியுது. இந்த டெக்னிக் எங்க கத்துக்கிட்டீங்க?"

சூசைமரியான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பழக்கத்துல வர்றதுதான் மேடம்."

"நான் அப்பவே சொன்னேனே மேடம், சூசை பெரிய கைகாரன்னு" என்றார் குழந்தைவேலு. கழுத்து நரம்பு இறங்கியிருந்தது.

மற்ற மூன்று சுவர்களையும் வெள்ளையடித்து அதே மாதிரி எழுத வேண்டும் என்று முடிவானது. மேடம் செல்வத்திடமும் ஓரடி நீளத்துக்குக் கோடு போட்டுக் காட்டச் சொன்னாள். அவன் அலை அலையாக இழுத்தான். இடக்கையால் இழுத்துப் பார்த்தான். முழங்கையைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு இழுத்தான். வேறு நேரமாக இருந்தால் சூசைமரியான் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

"இல்ல, நீங்க வேணும்னே ஆட்டுறீங்க. பாத்தாத் தெரியுது" என்றாள் மேடம். "தப்பா எடுத்துக்காதீங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைவேலு செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். சூசைமரியானுக்குக் கேட்டது. அவன் இல்லாமல் நானும் செய்ய மாட்டேன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஏழு வீடு அதை அங்கேயே அமுக்கியது. செல்வம் குழாயடியில் தன் பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏழு வீடும் கைக்கு வரட்டும்டா. மேடத்துட்டப் பேசி உன்னையக் கூப்புட்டுக்கிறேன்."

"சரிண்ணே." அவன் துணி சுற்றிய குச்சியை எடுத்து அவருடைய பெட்டிக்குள் அடியில் வைத்தான். "இது இனி ஒங்களுக்கு வேணாமுல்ல?"

திங்கட்கிழமை பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வடக்குச் சுவரில் ஆறடி ஓடியது கோடு, நூல் பிடித்ததுபோல. மதியம் வந்த மேடம் உதட்டைப் பிதுக்கினாள்.

"அன்னைக்கு மாதிரி வரலையே. மூடு இல்லையா?"

"வந்துரும் மேடம்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் மாத்திரை போடவில்லை. கோடு வந்தது. வியாழக்கிழமை அவர் மனைவி சகாயம்மாள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"அட்ட அப்புடியே இருக்கு. ஏன் போடலை?"

"வேலைக்கி ஆகாதுடி அது."

"கை ஆடாம இருக்கத்தானே குடுத்தாக?"

"இப்ப ஆடுனாத்தான் சோறு."

அவள் கிட்டே வந்து, அவர் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். "மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்ங்க" என்றாள். ஏழு வீடு முடியட்டும் என்றார் அவர்.

நாலு சுவரும் முடிந்த சனிக்கிழமை, மேடம் கண்ணாடி மாதிரியான ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். தெற்குச் சுவரில் மூன்றடி நீளத்துக்கு அதை ஒட்டி, மெல்லிய பேனாவால் கொடியை அப்படியே பிரதி எடுத்தாள். மேல்மூலை எழும்பியது. சூசைமரியான்தான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மேடம் இது?"

"பத்திரமா வச்சுக்கத்தான். இது மறுபடி இப்படியே வரும்னு சொல்ல முடியாதுல்ல?"

அந்த விக்கல் எடுத்த கோடும் வழிந்த இலையும் தாளின் நட்டநடுவில் விழுந்திருந்தன. அதை அழிக்கத் துணியோடு மல்லுக்கு நின்றதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், சப்பரம் எழுதிய நாளில்கூட இல்லாத பெருமை அவருக்கு இருந்தது.

அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரம் குழந்தைவேலு போனை எடுத்து, சுண்ணாம்பு காயட்டும் சூசை என்றார். இரண்டாம் வாரம் மணி அடித்து நின்றது. மூன்றாம் வாரமும் அப்படித்தான். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிச் சகாயம்மாள் தினமும் சண்டை பிடித்தாள். எந்த நேரமும் கூப்பிடுவார்கள், கூப்பிடும்போது கை ஆட்டம் நின்றுபோயிருந்தால் என்ன செய்வது என்று அவர் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் அவள் இப்போது ஸ்பூன் போட்டு வைத்தாள். நாலாம் வாரம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

மாதிரி வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் வீட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சாரத்தில் செல்வம் நின்றிருந்தான். நீலத் தகடு ஒன்றைச் சுவரில் வைத்து அழுத்தியிருந்தான். பிளாஸ்டிக் தகடு, மூன்றடி நீளம், இலையும் தண்டும் கோடும் துளையாக வெட்டி எடுத்தது. மற்றொரு கையில் காவி தோய்த்த பஞ்சு உருளை. அவரைப் பார்த்ததும் உருளை அப்படியே நின்றது.

"அண்ணே... சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எத்தன நாளா?"

"பத்து நாளாச்சு. தகட்டப் புடிக்க ஆடாத கை வேணும்னு கூப்புட்டாக." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

சூசைமரியான் சுவரைப் பார்த்தார். இரண்டரைச் சுவர் முடிந்திருந்தது. கொடி நெளிந்து நெளிந்து ஓடியது. மூன்றடிக்கு ஒருமுறை கோடு விக்கல் எடுத்து இறங்கி ஏறியது. மூன்றடிக்கு ஒருமுறை ஓர் இலை நுனி கலைந்து கோட்டில் வழிந்தது. கூடத்தின் மூலைவரைக்கும் அந்த வியாழக்கிழமை வரிசை வரிசையாக நின்றது.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

தகட்டின் மேல்மூலை எழும்பியது. மூலையைப் பிடிக்க வைத்திருந்த பையன் அப்போதுதான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். செல்வத்துக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தன.

"அண்ணே, அந்த மூலைய மட்டும்..."

பழக்கம்தான். சூசைமரியான் சாரத்தில் ஏறி, விரல்களை விரித்து மூலையை அழுத்தினார். செல்வம் உருளையைத் தகட்டின்மேல் வைத்தான்.

வாசலில் குழந்தைவேலு வந்து நின்றார். வெளிச்சத்திலிருந்து வந்ததால் சாரத்தில் யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"செல்வம், தகடு ஆடுது பாரு! கோடு கெட்டுப்போச்சுன்னா மேடம் ஒத்துக்கமாட்டாக. யாருய்யா அது மூலையப் புடிச்சிருக்கது?"

செல்வம் சூசைமரியானின் கையைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் அந்தக் கையைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அண்ணே," என்றான் மெதுவாக, "கைய எடுத்துருங்க."

எடுத்தார். செல்வம் தன் முழங்கையால் மூலையை அழுத்திக்கொண்டு உருளையை ஒரே சீராக ஓட்டினான். பிறகு நீலத் தகட்டைக் கீழிருந்து மேலாக உரித்தான். ஈரம் மாறாத காவியில் கோடு வந்தது. இரண்டு சாண் ஒழுங்காக வந்து, சிலிர்த்து, அதே இடத்தில் விக்கல் எடுத்து இறங்கி ஏறியது. அதன் ஓரங்களில் ஒரு பிசிறுகூட இல்லை.