தம்பிக்கு ஒரு கிறம்பிள்

"ஆப்பிள் எத்தினை போடுறது?" என்று தமயந்தி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். ஒரு கையில் உரித்த ஆப்பிள், மற்றக் கையில் கத்தி. கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்னறையிலிருந்து பதில் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். எட்டு வரும்போது சதாசிவத்தின் குரல் வந்தது.

"நாலு... நாலு காணும்."

அப்பாடா! நாலு என்பது அவளுக்குத் தெரியாததா? மூன்று ஆப்பிள் வெட்டிக் கோப்பைக்குள் கிடந்தது, நாலாவது கையில் இருந்தது. அவள் ஆப்பிளுக்காகக் கேட்கவில்லை. புருசனுக்கு உயிர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் பயந்த மனுசி, குசினியில் நின்றபடியே அதை அறியக் கண்டுபிடித்த வழி அது.

காலையில் நேர்ஸ் வந்து மருந்துப் பம்பை மாற்றிவிட்டு, மகள் பிரசாந்தியிடம் மெல்லிய குரலில் நிறையச் சொன்னாள். பிரசாந்தி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தாய்க்குத் தமிழில் சொன்னாள். இன்றைக்கோ நாளைக்கோதானாம். மூச்சு நின்று நின்று வருமாம். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதுமாம். காதுதான் கடைசிவரைக்கும் கேட்குமாம், பதில் வராவிட்டால் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டாம். தமயந்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டிய கையோடு குசினிக்குள் போனவள்தான், பிறகு முன்னறை வாசலைத் தாண்டவில்லை.

மத்தியானம் பிரசாந்தி கார்ச் சாவியை எடுத்தாள். சதாசிவத்தின் தம்பி இரத்தினசிங்கம் சிட்னியிலிருந்து மூன்று மணி பிளேனில் வருகிறார்.

"நானும் வாறன் பிள்ளை, எயர்போட்டுக்கு," என்றாள் தமயந்தி.

பிரசாந்தி தாயை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, சம்படி ஹாஸ் டு ஸ்டே வித் அப்பா."

"ஓம், ஓம். சும்மா கேட்டனான்."

இருபத்தேழு வருசம் கூட வாழ்ந்த மனிசனை விட்டுவிட்டு எயர்போட்டுக்கு ஓடப் பார்த்ததை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்துக்கு அடங்குமா? செத்தவீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு போய் அழுதிருக்கிறாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். சாவு வருகிறதைப் பார்த்ததில்லை. ஊரில் தகப்பன் போனபோதும் தாய் போனபோதும் அவள் இங்கே லின்ஃபீல்டில் இதே குசினியில், ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் கண் எப்படிப் போகும், வாய் எப்படித் திறக்கும், தூக்கிப் போடுமா, சத்தம் வருமா என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. அதைத் தன்னந்தனியாகப் பார்க்க வேண்டி வந்துவிடுமோ என்றுதான் அவள் நடுங்கினாள்.

கிறம்பிள் என்ற இந்த இனிப்பு அவர் கேட்டது. விடிய, பிரசாந்தி ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தபோது, "தம்பி வாறான். கொம்மாவைக் கிறம்பிள் ஒண்டு போடச் சொல்லு," என்றார். அது அவருடைய சமையல். பஸ் டிப்போவில் கூட வேலை செய்த ஜிம் சொல்லிக் கொடுத்தது. வேறு ஒரு கறி வைக்கத் தெரியாத மனிசன், ஏப்ரல் பிறந்து வீட்டுக்குப் பின்னாலுள்ள ஃபீஜோவா மரம் காய் கொட்டத் தொடங்கினால் சனிக்கிழமைகளில் குசினியைத் தன் வசமாக்கிவிடுவார். தமயந்தி அதில் கை வைத்ததில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறதும் சட்டி கழுவுகிறதும்தான். இப்போது பார்த்தால் அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழத்தை வெட்டித் தட்டில் பரப்பி, மேலே மாவைத் தூவி, அவண் அடுப்புக்குள் வைத்துச் சுட வேண்டியதுதான். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துபோகும் என்பதுதான் அவளுடைய கவலை.

அதனால் ஆறுதலாகச் செய்தாள். காலையில் மரத்தடியில் பொறுக்கின ஃபீஜோவாக்களை ஒவ்வொன்றாகப் பாதியாக வெட்டி, கரண்டியால் சதையைத் தோண்டினாள். பச்சைத் தோல் ஒரு பக்கம் குவிந்தது, வாசம் வீடெல்லாம் பரவியது. அளவுக்கு மிஞ்சி வெட்டிவிட்டாள். தட்டு விளிம்புவரைக்கும் நிறைந்து நின்றது.

"இதுக்குச் சீனி எவ்வளவு?"

பதினொன்று எண்ணினாள்.

"மூண்டு... கரண்டி."

பிறகு மா. கோதுமை மா ஒரு கோப்பை, ஓட்ஸ் ஒரு கோப்பை, மண்ணிறச் சீனி அரைக் கோப்பை, கறுவாத்தூள் கொஞ்சம். குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுப் பிசையத் தொடங்கினாள். அழுத்திக் குழைத்துவிட்டாள் போலும், எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகத் திரண்டது.

"இஞ்சேருங்கோ, மா கட்டியாப் போச்சுது!"

இந்தத் தரம் உண்மையாகவே கேட்டாள். ஐந்து எண்ணுவதற்குள் பதில் வந்தது. அதுவும் சினத்தோடு வந்தது.

"றொட்டிக்குக் குழைக்கிற மாதிரிக் குழைச்சிருப்பாய். இன்னும் கொஞ்சம் ஓட்ஸ் போட்டு... புட்டுக்கு உதிர்த்திற மாதிரி... நுனிவிரலாலை உதிர்த்து. விசரி."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஏசுகிற மனிசன் இன்றைக்குச் சாகமாட்டான் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. ஓட்ஸ் போட்டு நுனிவிரலால் உதிர்த்தாள். மா புட்டு மாதிரியே பொலபொலவென்று வந்தது. பழத்தின் மேல் தூவி, நூற்றெண்பதில் சூடாகிக் கிடந்த அவணுக்குள் தட்டை வைத்து, நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்? கரண்டிகளை அடுக்கினாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தாள்.

"தம்பிக்கு இதோடை ஐஸ்கிறீம் குடுக்கிறதோ, கஸ்ரட் குடுக்கிறதோ?"

இருபதுவரைக்கும் எண்ணினாள்.

"இஞ்சேருங்கோ..."

முப்பது. நாற்பது. குளிர்பெட்டியின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

பிரசாந்திக்குப் போன் எடுத்தாள். "ஸ்டில் வெயிற்றிங், அம்மா. சித்தப்பா கஸ்ரம்ஸிலை நிக்கிறார். ஈஸ் அப்பா ஓகே?"

"ஓம், ஓம், நித்திரை," என்று பொய் சொல்லி வைத்தாள்.

பின்கதவைத் திறந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரியைக் கூப்பிடலாமா? என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? என்ரை புருசனைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லு என்றா? கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டாம் என்று நேர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் வாயில் அந்தப் பேர் வந்ததே கிடையாது. கிளினிக்கில் கேட்டால் கார்டை நீட்டுவாள். கோயிலில் அருச்சனைக்குக் கேட்டால் மகளை இடிப்பாள். எல்லாரும் 'சிவசிவா' என்று கன்னத்தில் போடுகிற இடத்திலும் அவள் 'முருகா' என்பாள். சிவசிவாவில் அவர் பேரில் பாதி இருக்கிறதே! "சிவனுக்கும் உனக்கும் என்னடி கோவம்?" என்று அவர் வருசக்கணக்காகப் பகிடி பண்ணியிருக்கிறார்.

குளிர்பெட்டியைப் பார்த்தபடி முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உரத்துக் கூப்பிட்டாள்.

"சதாசிவம்!"

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வேறு யாரோ ஒரு பொம்பிளை கூப்பிட்டது போலிருந்தது.

முன்னறையில் கட்டில் அசைந்தது. "ஆர்?" என்றார் அவர். "ஆர் வந்திருக்கினம்?"

தமயந்தி கண்ணைத் திறந்தாள்.

"ஆரோ வாசலிலை நிண்டு கூப்பிடுகினம்," என்றார், தெளிவாக. "வாறன் எண்டு சொல்லு."

ஐயோ! ஆள் தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தரத்துக்கு ஏன் என்று கேட்கக்கூடாது, கேட்டால் அது ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவளுடைய தாய் சொல்லிச் சொல்லி வளர்த்தவள். இந்த மனிசன் ஏன் என்று கேட்கவில்லை, வாறன் என்கிறார்! வாசலில் யார் நிற்பது? அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது. வாசலில் ஒருவரும் இல்லை. இந்த வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது வெளியாள் மட்டுமே, அதனால்தான் அப்படி நினைத்துவிட்டார். கூப்பிட்டது அவள்.

"சொல்லு, வாறன் எண்டு..."

"போகாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். காலையிலிருந்து தாண்டாத வாசலை எப்போது தாண்டினாள் என்று தெரியாது. மாப் படிந்த கையாலேயே அவருடைய கையைப் பிடித்தாள். "ஒருதரும் வரேல்லை. அது நான். நான்தான் கூப்பிட்டனான்."

சதாசிவம் கண்ணைத் திறந்து அவளைத் தேடிப் பிடித்தார். வெள்ளை விழி மஞ்சளாகக் கிடந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் அது அவருடைய முகம்தான். அவள் குசினியில் நின்று கற்பனை செய்த முகம் அல்ல.

"நீயோ?"

"ஓம்."

"என்ரை பேரையோ?"

"ஓம். பேசாமல் கிடந்தியள், நான் என்ன செய்யிறது? பயந்து போனன்."

உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது. சிரிக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்."

"சும்மா இருங்கோ."

"சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து சொன்னாள். ஒரு மூச்சு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கேட்டதோ என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் சொன்னாள். அவர் கண்ணை மூடியிருந்தார். தூக்கிப் போடவில்லை, சத்தம் வரவில்லை. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவேண்டிய நேரத்தில் அது வரவில்லை, அவ்வளவுதான். எட்டு எண்ணினாள், நாற்பது எண்ணினாள், இருநூறுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்தினாள்.

இதற்குத்தானா இவ்வளவு நேரம் ஒளித்து நின்றேன் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. ஆப்பிளையும் சீனியையும் இந்தக் கட்டிலில் இருந்தே கேட்டிருக்கலாமே!

அவண் மணி அடித்து ஓய்ந்தது. அவள் எழும்பவில்லை. தட்டு விளிம்பால் சீனிப்பாகு வழிந்து அவண் அடியில் கருகத் தொடங்கியது. நெடி முன்னறைவரைக்கும் வந்தது. கூரையிலிருந்த புகை அலாரம் வீடு அதிரக் கத்தியது. அதற்கும் எழும்பவில்லை.

அந்தச் சத்தத்துக்குள்தான் முன்கதவு திறந்தது. "அம்மா! வாட் த... இட்ஸ் பேர்னிங்!" என்று கத்தியபடி பிரசாந்தி குசினிப் பக்கம் பாய்ந்தாள். பின்னால் இரத்தினசிங்கம் கையில் பெட்டியோடு திகைத்து நின்றார்.

"எரியட்டும் பிள்ளை," என்றாள் தமயந்தி. "நீ இஞ்சை வா."

பிரசாந்தி திரும்பி வந்தாள். முன்னறை வாசலில் காலை வைத்தவள், கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், தகப்பனைப் பார்க்காமல் தாயையே பார்த்தாள். இரத்தினசிங்கம் பெட்டியை வைத்துவிட்டு அவணை நிற்பாட்டக் குசினிக்குள் ஓடினார்.

தமயந்தி புருசனின் கையை விடாமல் கொஞ்சம் அரக்கி, இடம் விட்டு இருந்தாள். மாக் காய்ந்து வெடித்திருந்த மற்றக் கையால் கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள்.