இரண்டு உள்ளங்கைகள்

...இல்லை, அது தள்ளுவது இல்லை, நகர்த்துவது, அவள் நாற்காலியை மறுபடி மேசையருகே இழுத்துக்கொண்டாள், சக்கரம் வைத்த நாற்காலி, இழுத்த இழுப்புக்கு வந்தது. இரண்டு விரலால் தொட்டால் ஒரு சாண் போகிறது, முழங்கையால் இடித்தால் பக்கவாட்டில் திரும்புகிறது. கையால் செய்து பார்க்காமல் எந்த வினைச்சொல்லையும் அவள் எழுதியதில்லை, பதினோரு வருட மொழிபெயர்ப்பு வேலையில் பழகிப்போனது, அடுத்த அறைக்காரர்கள் அவளுக்கு நாட்டியக்காரி என்றே பெயர் வைத்திருந்தார்கள், வைக்கட்டும். மேசையில் இரண்டு பக்க வாக்குமூலம், எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. முதியோர் இல்லத்துப் பணிப்பெண், எட்டாம் அறைப் பெரியவரைக் குளிப்பாட்டப் போனவள், ஒலிப்பதிவில் அவள் குரல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது போல இருந்தது, "என் கையைப் பிடிச்சு முறுக்கினாரு, விடவே இல்ல, வலி தாங்கல, ஒரு தள்ளு தள்ளினேன்." பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தள்ளு... தமிழில் அதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது, கோபமும் அடங்கும், பயமும் அடங்கும். ஆங்கிலக்காரன் அப்படி விடமாட்டான், முழங்கையால் லேசாக இடிப்பதற்கு ஒன்று, கூட்டத்தில் தோளால் வழி பண்ணுவதற்கு ஒன்று, ஆளை மூட்டை போல அள்ளி வண்டிக்குள் திணிப்பதற்கு ஒன்று, பிடரியில் கைவைத்து வெளியேற்றுவதற்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி. நாளைக் காலை விசாரணையில் உட்காரும் மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. 'புஷ்' என்று எழுதினால் எச்சரிக்கையோடு போகலாம், 'ஷவ்' என்று எழுதினால் அதற்குள் முரட்டுத்தனம் இருக்கிறது, வேலை போகும், வேறெந்த இல்லத்திலும் சேர்க்கமாட்டார்கள். இரண்டையும்விட லேசான சொல்லைப் போட்டு, எச்சரிக்கைகூட இல்லாமல் அவளைக் காப்பாற்றிவிட்டால்தான் என்ன, யார் கேட்கப்போகிறார்கள்? பதிவு முடிந்ததும் அந்தப் பெண் சொன்னாள், "எனக்கு அந்த பாஷை வராதும்மா, நீங்க என்ன எழுதறீங்களோ அதுதான் நான் சொன்னது." சொல்லிவிட்டு எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள், கதவில் வெள்ளை எழுத்தில் அதே சொல், புஷ், தினமும் இருநூறு பேர் அதைச் செய்துகொண்டு வெளியே போகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

தொலைபேசியில் விசாரணை அலுவலர். "என்னம்மா, முடிஞ்சுதா?" ஒரு சொல் பாக்கி சார். "ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரமா? நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்க, உங்க புண்ணியமாப் போகும்." மணி மூன்றேகால். சன்னல் வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது, அதன்மேல் நாற்காலியை நிறுத்தினாள், இந்த முறை இரண்டு உள்ளங்கையும், முதுகுப் பகுதியில் பதித்து... துணி வெதுவெதுப்பாக இருந்தது, வெயிலில் நின்ற துணி, அந்தச் சூடு கைக்குத் தெரிந்த சூடு. ஈரப் பின்னல் நடுவில் தொங்கும் முதுகு. மாடிப்படி. மேலிருந்து மூன்றாவது படியில் அக்கா, கையில் இவளுடைய பென்சில் டப்பா, தரமாட்டேன் போடி என்கிறாள், திரும்பிக்கொள்கிறாள், அப்புறம் சத்தம், டப்பா ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கிய சத்தம்தான் நன்றாக நினைவிருக்கிறது, அக்கா விழுந்த சத்தம் நினைவில் இல்லை. அவளுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. மருத்துவர் கேட்டார், எப்படிம்மா விழுந்தே? கால் வழுக்கிடுச்சு, என்றாள் அக்கா, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவ்வளவுதான், வீட்டில் அன்றிலிருந்து அது அக்கா விழுந்த கதை. இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது, துணி காயப்போடும்போது கொடியை வலது கையால் இழுத்துத் தாழ்த்திக்கொள்வாள், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, இவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம். யாராவது தள்ளினார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், எந்தச் சொல்?

எண்களை அழுத்தியது கைதான், அவள் முடிவெடுத்ததாக நினைவில்லை. அக்கா எடுத்ததும் பின்னால் குக்கர் விசில். "என்னடி, ஆபீஸ் நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" ஒன்றுமில்லை, சும்மாதான். "நீ சும்மா கூப்பிடற ஆளா! அகராதில வார்த்தை தீந்து போச்சா?" சிரிப்பு, பாத்திரம் வைக்கும் ஓசை. அவள் கேட்டுவிட்டாள், கேட்கும்போது குரல் ஏழு வயதுக்குப் போயிருந்தது. அக்கா, அன்னிக்கு மாடிப்படியில நான் உன்னைத் தள்ளினேனா? விசில் நின்றது. அக்கா அடுப்பை அணைத்திருக்க வேண்டும். "இப்ப எதுக்குடி அது?" சொல்லேன். "உன் கை ரெண்டும் சூடா இருந்துச்சு. அது ஞாபகம் இருக்கு." அப்புறம்? "அப்புறம் என்ன, விழுந்தேன். தள்ளினதா, தொட்டதா, அதெல்லாம் பிரிச்சுப் பாக்கறது உன் உத்தியோகம். எனக்கு விழுந்தது மட்டும்தான் தெரியும்." மறுபடி பாத்திரம் வைக்கும் ஓசை, "எல்லாத்துக்கும் பேரு வெச்சுக்கிட்டு இருக்காதடி, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றாள், சாப்பிடவில்லை.

ஆக, தெரிந்திருக்கிறது. முதுகுக்குத் தெரிந்திருக்கிறது, பத்து வயதில், கை வளைந்து தொங்கும் வலியில், தங்கைக்காக ஒரு சொல்லைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள், வழுக்கிடுச்சு. இவளுக்கு முன்னால் அந்த வீட்டில் மொழிபெயர்த்தவள் அக்காதான். அந்த மாதிரிச் சொல் ஒன்றைத்தான் இப்போது அந்தப் பணிப்பெண்ணுக்கும்... ஆனால் அவள் கேட்கவில்லையே, தள்ளினேன் என்று அவளே சொன்னாளே, கேள்வி வருவதற்கு முன்பே சொன்னாளே. அதை எடுத்து வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுக்க இவள் யார்? ஒலிப்பதிவை மறுபடி ஓடவிட்டாள். ஒரு தள்ளு தள்ளினேன்... மூச்சு... "உடனே பிடிக்கப் போனேன், கை எட்டல." அந்த வாக்கியத்தை ஏற்கெனவே எழுதியிருந்தாள், வழக்கமான சொற்கள், கை தானாக அடித்துவிட்டுப் போயிருந்தது. செய்து பார்க்கவில்லை.

கதவில் இருக்கும் சொல்லையே எழுதினாள், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விசாரணையில் அந்த மூவர் காதில் அது எப்படி விழுமோ, தெரியாது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். அனுப்பியபின் எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலியின் முதுகில் இரண்டு உள்ளங்கையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள், அது வெயிலைத் தாண்டிப் போனது, உடனே பிடிக்கப் போனாள், எட்டவில்லை, சுவரில் மோதி நின்றது. அவள் அப்படியே நின்றாள், கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன, விரல்கள் விரிந்திருந்தன. அடுத்த அறைக்காரர் கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும், தள்ளிய கையா, பிடிக்கப் போன கையா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. படியின் மேல் நின்ற ஏழு வயதுக் கைகளும் இப்படித்தான் நீண்டிருந்தன, அது நினைவிருக்கிறது, எதற்காக நீண்டிருந்தன என்பது... அவள் கைகளைக் கீழே போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.