டார்கஸ் வீட்டுச் சாட்சி

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், இப்போது மியூசியமாக இருக்கும் டார்கஸ் பெட்டிங்கில் என்பவளின் பண்ணைவீட்டுக்குச் சூனியக்காரிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பாஸ்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஹாலோவீன் வேஷம்: தலையில் கூர்த்தொப்பி, சிலர் கையில் துடைப்பம்கூட. தூக்குக் கயிறு கழுத்தில் விழும்வரை 'நான் சூனியக்காரி இல்லை' என்று கதறியவளின் வீட்டுக்கே இந்த வேஷத்தில் வருகிறோமே என்று ஒருவருக்கும் உறைக்காது. அங்கே வேலை பார்க்கும் வெர்னா பிக்கார்டுக்கு ஒவ்வொரு வருஷமும் பற்றிக்கொண்டு வரும். "கல்லறைப் பக்கம் போறப்ப மட்டும் தொப்பிய எடுத்துருங்க, கண்ணுங்களா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சிரிப்பு உதட்டோடு சரி.

இந்த வருஷம் அவளுக்கே வேஷம் வந்து சேர்ந்தது. பண்ணையின் பழைய கூடத்தில் அக்டோபர்தோறும் டார்கஸின் விசாரணை நாடகமாக நடக்கும். நடிப்பவர்கள் எல்லாரும் மியூசியத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள். பார்க்க வந்தவர்கள்தான் ஜூரி. கடைசியில் அவர்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எந்த வருஷமும் டார்கஸுக்கு விடுதலைதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவளை விடுதலை செய்வதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. கை தூக்கிவிட்டு, சூடான ஆப்பிள் சாறும் டோனட்டும் சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக வீடு போய்ச் சேருவார்கள்.

வழக்கமாக டார்கஸாக நடிப்பவளுக்கு முட்டியில் ஆபரேஷன். மியூசியம் கமிட்டித் தலைவி ஜூடித், நாடகத்திலும் நீதிபதி அவள்தான், வெர்னாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் செய்யணும் வெர்னா. உனக்குத்தான் அதுக்கேத்த முகம்."

"எதுக்கேத்த முகம்? தூக்குல தொங்குறதுக்கா?"

"ஐயோ, நான் அப்படியா சொன்னேன்!" என்ற ஜூடித்தின் முகம் சிவந்துபோயிற்று.

சிவக்காமல் என்ன செய்யும்? வெர்னாவின் மகன் டேரில் கதை ஊருக்கே தெரியும். பண்ணையில் புல் வெட்டிக்கொண்டிருந்த பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வைக்கோல் கொட்டகை எரிந்தது. எப்படி எரிந்தது என்று தீயணைப்புக்காரர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் பக்கத்துவீட்டு ராய்ஸ் ஹாஸ்கெல் கமிட்டியில் எழுந்து, அன்று சாயங்காலம் டேரில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து போனதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். போலீஸ் கேஸ் போடவில்லை. ஊர் போட்டது. எதிரே வருகிறவர்கள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். டேரில் வடக்கே மெய்ன் கடற்கரைக்குப் போய், சிங்கி இறால் பிடிக்கும் படகில் சேர்ந்தான். அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை.

வெர்னா மட்டும் மியூசியத்தை விட்டு விலகவில்லை. விலகினால் 'பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு' என்பார்கள். ராய்ஸிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அந்த ஊரில் வானிலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம், இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் கிடையாது.

போன வாரம் டேரிலுக்குப் போன் போட்டாள்.

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்காவது வாடா. வான்கோழிய நான் மட்டும் எத்தன நாள் தின்னுட்டிருப்பேன்?"

"அந்த ஊர்ல ஒருத்தராவது வாயத் திறந்து 'இவன் செய்யல'ன்னு சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்."

"நான் சொல்றேனேடா."

"நீ அம்மா. அது கணக்குல வராது." பிறகு மெதுவாகச் சொன்னான். "அலாஸ்காவுல ஒரு கப்பல்ல கூப்பிடுறாங்கம்மா. இந்த மாசக் கடைசில கிளம்பிடலாம்னு இருக்கேன்."

அலாஸ்கா போனவன் திரும்பி வரவா போகிறான்? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

நாடகத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. பின்னால் கூர்த்தொப்பிகள். முன் பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள். டார்கஸ்மேல் கோள் சொன்ன அண்டைவீட்டுக்காரன் வேஷம் எப்போதும் ராய்ஸுக்குத்தான். கனத்த குரல், அதனால். கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக எழுந்து நின்றார்.

"சென்ற வசந்தத்தில், அந்திப்பொழுதில், இவளுடைய உருவம் என் தொழுவத்தருகே நின்றதைக் கண்டேன். மறுநாளே என் பசு மாண்டது."

"குற்றம் சாட்டப்பட்டவள் என்ன சொல்கிறாள்?" என்றாள் ஜூடித்.

'கடவுள் அறிவார், நான் குற்றமற்றவள்' என்று வெர்னா சொல்ல வேண்டும். ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வரி. அது வரவில்லை.

"முகத்தப் பாத்தியா, ராய்ஸ்?"

வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ராய்ஸ் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். "இவளுடைய உருவத்தைக் கண்டேன்..."

"உருவத்தப் பாத்த, சரி. நான் முகத்தக் கேக்குறேன். அன்னைக்குச் சாயங்காலம், கொட்டகைக்குப் பின்னால. முகத்தப் பாத்தியா?"

முன் பெஞ்சில் யாரோ இருமினார்கள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். பேசியபோது அந்தக் கனத்த குரல் காணாமல் போயிருந்தது.

"இருட்டிட்டு வந்துச்சு, வெர்னா. செவப்புக் கட்டம் போட்ட ஜாக்கெட். டேரிலோடது மாதிரி இருந்துச்சு."

"சூனியக்காரிக்கு ஜாக்கெட்டாம்!" என்றது ஒரு கூர்த்தொப்பி. பின்வரிசைகள் கொல்லென்று சிரித்தன. முன் பெஞ்சுகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அந்த ஜாக்கெட் இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் இல்லையா?"

"என்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்றார் ராய்ஸ்.

மறுபடி சிரிப்பு. கைதட்டல்கூட. வெர்னா விடவில்லை.

"முகம்?"

"இல்ல. பாக்கல."

ஜூடித் சுத்தியலைத் தேடினாள். கையில்தான் இருந்தது. ஒருவழியாகத் தட்டிவிட்டு, "குற்றமற்றவள் என்பவர்கள் கை தூக்கலாம்" என்றாள். பின்னால் சடசடவென்று கைகள் எழுந்தன. முன் பெஞ்சுகளிலும் ஒவ்வொன்றாக எழுந்தன. டார்கஸுக்கா, டேரிலுக்கா? இந்தக் கைகளை அன்றைக்கு எங்கே வைத்திருந்தீர்கள் என்று கத்த வேண்டும்போல் வெர்னாவுக்கு இருந்தது. அழுகைதான் வந்தது. நல்ல நடிப்பு என்று ஒரு பெண் புகழ்ந்துவிட்டுப் போனாள்.

சமையலறைக்குப் பின்னால், ஆப்பிள் சாறு கொதிக்கும் இடத்துக்கு வெர்னாவைத் தேடி ராய்ஸ் வந்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. டேரில் போனபிறகு வந்த இரண்டு குளிர்காலமும் வெர்னா எழுந்திருக்கும் முன்பே அவள் வீட்டு வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார். அண்டைவீட்டுப் பாசம் என்றே அவள் நினைத்திருந்தாள். பாதி பாசம், பாதி உறுத்தல் என்பது இப்போதுதான் புரிந்தது.

"அவன் நம்பரக் குடு" என்றார்.

"நீ கூப்பிட்டா எடுக்க மாட்டான். இரு." அவளே போட்டாள்.

"என்னம்மா, நாடகம் முடிஞ்சுதா? உன்ன விடுதலை பண்ணிட்டாங்களா?" என்றான் டேரில்.

வெர்னா போனை ராய்ஸிடம் நீட்டினாள்.

"டேரில், நான் ராய்ஸ். ராய்ஸ் ஹாஸ்கெல். வச்சிராதப்பா. தீப்பிடிச்ச அன்னைக்கு நான் உன் முகத்தப் பாக்கலடா. ஒரு ஜாக்கெட்டப் பாத்தேன். உன்னப் பாத்தேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம், ஆனா எல்லாரும் நம்பிட்டாங்க, திருப்பி வாங்கத் தைரியம் வரல. நாளைக்கு கமிட்டில சொல்றேன். சர்ச்சுல சொல்றேன். எங்க சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ராய்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"கட் பண்ணிட்டான் போல."

வெர்னா அவர் கையைப் பிடித்து, போனில் காதை வைத்துக் கேட்டாள்.

"இல்ல, இருக்கான். மூச்சு கேக்குது" என்றாள். "பேசு, ராய்ஸ். நிறுத்தாத."