அக்கா பார்த்த ரத்தம்

...அப்படியென்றால் இந்த ரத்தம்தான் கமுக்கமாக இருந்திருக்கிறது, மூன்று தடவை குத்தி எடுத்தும் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் முதுகுப் பக்கம் ஊசியை விட்டு சிறுநீரகத்திலிருந்து எடுத்த நூல் அளவு துணுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்னும் நோய். "சில பேருக்கு ரத்தத்துல காட்டவே காட்டாதும்மா, துணுக்குல அப்படியே தெரியுது" என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஜெயித்த மாதிரி இருந்தது... நோய் வந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா, பைத்தியம்தானோ? அதைத்தானே அக்காவும் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள், இவளிடம் இல்லை, இவள் புருஷனிடம்.

அதோ உட்கார்ந்திருக்கிறாள், கட்டிலுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு வந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டு. மூன்று தடவையும் தானே நின்று சோதித்து "நெகட்டிவ்டீ! நிம்மதியா தூங்கு" என்று போனில் கத்தியவள். அது பொய்யில்லை, சோதனையில் அப்படித்தான் வந்தது. மூத்திரத்தில் நுரை வருகிறதென்றால் "கழுவுற சோப்பா இருக்கும்", கால் வீங்குகிறதென்றால் "நாள் பூரா நின்னு பாடம் நடத்தினா வீங்காதா"... அதுவும் போகட்டும். ஆனால், "தம்பி, அவ உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான், சின்ன வயசுலேர்ந்தே எதையும் பெருசாக்குவா, துணுக்கெல்லாம் எடுக்க விடாதீங்க" என்றாளாமே? காலையில் புருஷன் தாங்க முடியாமல் உளறிவிட்டான். அதனால்தான் மாதக்கணக்கில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தானா? சிறுநீரகத்தில் கெட்டுப்போனதில் கொஞ்சம் திரும்பாது என்கிறார் டாக்டர். அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அக்காவிடம்தானே கொட்டினாள், அத்தனையையும் கேட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால்... பாவி, கூடப் பிறந்தவளா இவள்?

அக்கா போர்வையை ஒதுக்கி இவள் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே நின்றது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இவள் தனியாக எத்தனை தடவை அழுத்திப் பார்த்த குழி. அக்கா அவசரமாகப் போர்வையை இழுத்தாள்.

"மூடாத. பாரு."

அக்கா பார்த்தாள். "தெரியலடீ... எனக்கு நெஜமாவே தெரியல" என்றாள். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், இந்தத் துரோகத்தை யாரிடமாவது சொல்லி ஒரு மூச்சு அழுதால் தேவலை, யாரிடம், புருஷனிடமா, சே... இத்தனை வருஷமாக எது நடந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லி அழ அவளுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான்.