பன்றிக்குப் பத்தியம்

ஈப்போவில் தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டு நாலாம் நாள் காலை வந்து சேர்ந்த தவமலர், கையிலிருந்த பையைக்கூட வீட்டில் வைக்காமல் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த பன்றிக் கொட்டிலுக்குத்தான் ஓடினாள்.

தலையீற்றுப் பன்றி. பத்துக் குட்டி போட்டிருந்தது. பிறந்து மூன்றே நாளான குட்டிகளை விட்டுவிட்டு மனசே இல்லாமல்தான் கிளம்பினாள். அப்போது காம்புக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டு கொழுகொழுவென்று இருந்தன. இப்போது எட்டுதான் மிச்சம். அந்த எட்டும் முதுகெலும்பு துருத்த, தாயின் வயிற்றை முட்டி முட்டிக் கத்தின. மடி வெறும் தோலாகக் கிடந்தது. தொட்டியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயின் வாயில் துணியை அடைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அண்ணி!"

அடுத்த வீட்டிலிருந்து நாகமணி வந்தாள். தவமலர் புருஷனின் அக்கா. நாலு நாளும் பன்றியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"ஏன்டி கத்துற? ரெண்டு செத்துப்போச்சு, பாவம்லா. நான் என்ன செய்ய?"

"தண்ணிய யாரு அடைச்சா?"

"நான்தான். பெத்த உடம்பு. இந்த மழக் குளிர்ல பச்சத்தண்ணி குடிச்சா ஜன்னி வந்துராதா? சுக்குத்தண்ணி கொஞ்சம், கஞ்சி கொஞ்சம் குடுத்தேன். தலப்பிரசவம், பத்தியம் இருக்கணும்ல?"

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். தவமலருக்குக் கை பரபரத்தது. அந்தப் பன்றியே இன்னும் வளர்ந்து முடியவில்லை. தன் உடம்பையும் வளர்த்துக்கொண்டு பத்து வாய்க்குப் பாலும் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாளே, இவளும் தலையைத் தலையை ஆட்டினாளே, பாவி!

"வாளி வாளியா குடிச்சாத்தான் பால் ஊறும்னு சொன்னேனா இல்லையா?"

"அடப் போடி. அது உடம்பு வாகு. சிலதுக்கு ஊறாது."

தவமலர் கயிற்றை அறுத்துத் துணியைப் பிடுங்கி எறிந்தாள். பன்றி தள்ளாடி எழுந்து வந்து, மூச்சு விடாமல் குடித்தது. தொட்டி நிறைய நிறையக் காலியானது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. கூடவே ஆத்திரமும் பொங்கியது.

சிலதுக்கு ஊறாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகள் கங்கா பிறந்த ஆறாம் நாள், இதையேதான் நாகமணி லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை டின் பாலில் வளர்ந்தது. அதற்குச் சளி பிடித்தாலும் சரி, பரீட்சையில் மார்க் குறைந்தாலும் சரி, தாய்ப்பால் இல்லாத பிள்ளை என்ற பேச்சு வந்துவிடும். தவமலரும் தன் உடம்பைத்தான் நொந்துகொண்டாள். அன்று பத்தியம் என்று நாகமணி கதவைச் சாத்திய அறையில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒரு மடக்குத் தண்ணீருக்குக் கெஞ்சியதை அவள் இத்தனை நாள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"எனக்குப் பால் ஊறாமப் போகல அண்ணி," என்றாள். "நீங்க ஊற விடல."

நாகமணியின் முகம் செத்துப்போனது.

"எனக்கும் அப்படித்தானடி செஞ்சாங்க," என்றாள் மெதுவாக.

"அதுக்கு?"

தவமலர் கொட்டில் கதவைத் திறந்து, அவளை வெளியே போகச் சொன்னாள்.