பதினெட்டு சுழல் நாற்காலிகள்

ஹிஞ்சேவாடியில் இழுத்து மூடிய ஒரு கம்பெனியின் பதினெட்டு சுழல் நாற்காலிகளை முரளி ஏலத்தில் எடுத்து, விற்பதற்கு ஆன்லைனில் விளம்பரம் போட்டார். சாங்வியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்த ஒரே ஆள், படத்தில் பின்னால் தெரிந்த வீட்டு சோபாவை விலைபேசி வாங்கிப்போனார்.

ஞாயிறன்று மகள் வைஜயந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த நாற்காலிகளில்தான் உட்கார வேண்டியிருந்தது.

“இந்த இடம் தட்டிப்போனா உங்களாலதான்,” என்று சமையலறையில் கணவரைக் கடிந்துகொண்டாள் கோதை.

ஹாலில் மாப்பிள்ளையின் அம்மா நன்றாகச் சாய்ந்து பார்த்தார். “முதுகுக்கு இதமா இருக்கே! விலை என்ன?”

முரளி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சொந்தக்காரங்களுக்குக் குறைப்பீங்களா, மாமா?” என்று கேட்ட மாப்பிள்ளை கோகுல்நாத்தின் கண் வைஜயந்தி மேல் இருந்தது.

முரளி மகளைப் பார்த்தார். காபித் தட்டுடன் நின்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “குறைச்சுக் குடுங்கப்பா,” என்றாள்.