புள்ளியா, தூசியா?

ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. 'குமுதினி ரீச்சரின் காலில் சக்கரம் பூட்டியிருக்கு' என்று கொலோன் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேணுஜாவின் கணினிக்கு முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் ஒருவருக்கும் பகிடி வந்திராது.

வேணுஜா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அச்சகமொன்றில் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. அவள் மகள் கவிசா என்னிடம் பாட்டுப் படிக்கிறாள். சங்கம் பழைய இசை இலக்கண நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்யப் போகிறது என்றதும், பக்கவேலை முழுவதும் தன் பொறுப்பு என்று அவளாகவே வந்து சொன்னாள்.

அந்த நூலை யாழ்ப்பாணத்தில் எழுதி அச்சிட்டவர், எங்கள் சங்கத்தில் பாடுகிற செல்வரட்ணம் அண்ணையின் தகப்பனார். இராகம், தாளம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் தாமே கட்டிய கீர்த்தனைகளைச் சுரத்தோடு கொடுத்திருந்தார். எங்களுக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது அண்ணை கொண்டுவந்த ஒரே பிரதி. விளக்கங்களை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் நான் திருப்பி எழுதினேன். கீர்த்தனைப் பக்கங்களை மட்டும் பழைய அச்சிலேயே படமாகப் போடுவதென்று முடிவெடுத்தோம்.

"பாருங்கோ அக்கா, கண்ணாடி மாதிரித் துடைச்சு வைச்சிருக்கிறன். மருந்துக்கும் ஒரு தூசி இல்லை" என்றாள் வேணுஜா பெருமையாக.

உண்மைதான், தூசி இல்லை. சுரங்களின் தலையிலும் காலடியிலும் இருந்த புள்ளிகளும் இல்லை! சுரத்துக்கு மேலே புள்ளி இருந்தால் மேல்ஸ்தாயியில் பாட வேண்டும், கீழே இருந்தால் கீழ்ஸ்தாயியில், புள்ளியே இல்லாவிட்டால் நடுஸ்தாயியில். புள்ளி போனால் பாட்டின் ஏற்றமும் இறக்கமும் போச்சு.

"ஐயோ வேணுஜா! என்னத்தையடி துடைச்சனீ?"

"நானில்லை அக்கா, கொம்ப்யூட்டர்தான் பழுப்புப் புள்ளியெல்லாத்தையும் தானா எடுத்தது."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான். துடைக்காத படத்தைத் திறக்கச் சொன்னேன். அது அதைவிட மோசம். ஈரம் குடித்த தாள், அம்மை வந்த முகம்போல முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது. எது அச்சுப் புள்ளி, எது பழுப்பு என்று அசல் பிரதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. என் சங்கீத அறிவும் கைகொடுக்கவில்லை. யாரும் பாடி நான் கேட்டிராத மெட்டுகள் அவை.

செல்வரட்ணம் அண்ணை ஒருவருக்குத்தான் அவை தெரியும். அவருக்கும் பாடினால்தான் ஞாபகத்துக்கு வரும், சும்மா கேட்டால் ஒன்றும் வராது என்பார். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் திங்கட்கிழமை குரல்வளையை வெட்டி எடுப்பதற்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்து டெர்மின் கொடுத்திருந்தார்கள்.

அண்ணை வீட்டுக்குப் போகிற ட்ராமில் இடமிருந்தும் நான் உட்காரவில்லை. வேணுஜா கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் நிண்டால் ட்ராம் கெதியாப் போகுமே?" என்றாள். எரிந்து விழுந்தேன்.

அண்ணை ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தார். தனி மனிதர். உடுக்கச் சாரம், துடைக்கத் துவாய், சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குரல் ஏற்கனவே உடைந்த சிரட்டை மாதிரிக் கரகரத்தது. நான் தேத்தண்ணி போட்டேன், பையை அவிழ்த்துத் திருப்பி அடுக்கினேன், யன்னலைத் திறந்தேன், பூட்டினேன். எப்படிக் கேட்பேன்? நாளைக்குக் குரல் போகப்போகிற மனிதனிடம் இன்றைக்குப் பாடு என்று கேட்க எந்த நாக்குக்கு வரும்?

"என்ன பிள்ளை, முள்ளிலை நிக்கிறமாதிரி நிக்கிறாய்? சொல்லன்" என்றார்.

சொன்னேன். வேணுஜா அழத் தொடங்கினாள். அண்ணை சிரித்தார்.

"டொக்டர் குரலை மிச்சம் பிடிக்கச் சொன்னவர். மிச்சம் பிடிச்சு என்ன செய்ய? நாளைக்கு வெட்டி எறியத்தானே போகினம். பெட்டியைப் போடு பிள்ளை."

கைபேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டேன். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து முதல் கீர்த்தனையை எடுத்தார். பாடப்பாட, மேல்ஸ்தாயிச் சுரம் வந்தால் வலதுகைச் சுட்டுவிரல் மேலே போகும், கீழ்ஸ்தாயி வந்தால் கீழே இறங்கும். சின்ன வயதில் தகப்பனார் பழக்கியதாம். வேணுஜா அந்த விரலைப் பார்த்துப் பார்த்து, துடைக்காத படத்தில் அச்சுப் புள்ளிகளை விட்டுப் பழுப்பை மட்டும் அழித்தாள். அவர் இருமும்போதெல்லாம் "காணும் அண்ணை, விடுங்கோ" என்று நான் சொல்வதும், "நீ சும்மா இரு" என்று அவர் அதட்டுவதுமாகப் போனது.

இடையில் பக்கத்து வீட்டு எமில் கிழவர் சுவரில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கதவடிக்குப் போன என்னை அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"தட்டட்டும் பிள்ளை. நாளையிலையிருந்து அந்தாளுக்கு நல்ல நிம்மதிதானே."

கடைசிக் கீர்த்தனையின் கடைசி வரிக்கு வந்தோம். அங்கே ஒரு மூச்சு விட்டுப் புதிதாகத் தொடங்குகிற ஒரு 'க'. நடுவில் நின்றாலும் அழகு, மேலே நின்றாலும் அழகு. படத்தில் அதன் தலையில் மங்கலாக ஒரு பொட்டு. அண்ணை மூச்சை இழுத்தார். தொண்டை வெறும் காற்றைத்தான் விட்டது. திரும்ப இழுத்தார். பிறகு, நடுஸ்தாயியில் மெதுவாக அந்தக் 'க'வைப் பாடி முடித்தார்.

"இது புள்ளியோ, தூசியோ அண்ணை?" என்று வேணுஜா கேட்டாள்.

"தூசி."

அவள் குனிந்து அழித்தாள். நான் அண்ணையின் கையைப் பார்த்தேன். குரல் நடுவில் நின்றபோதும் விரல் மேலேதான் நின்றது. நான் பார்ப்பதைக் கண்டதும் கையைத் தோளில் போட்டிருந்த போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது சொன்னேன்: "அந்தப் புள்ளியைத் திருப்பிப் போடு."

"அண்ணைதானே தூசி எண்டவர்?"

"போடெண்டால் போடடி!"

போட்டாள். புத்தகம் அச்சுக்குப் போனது. எனக்குத்தான் நித்திரை போனது. அண்ணைக்கு அறுவை நல்லபடி முடிந்தது. இப்போது பேசுவதெல்லாம் எழுத்தில்தான். ஒரு துண்டில் எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால், 'உங்களுக்கு எட்டாதபடியால்தானே தூசி எண்டீங்கள்?' என்று ஒரு பாடகனிடம் எப்படிக் கேட்பது? விரல் மூச்சு இழுத்த வேகத்தில் மேலே போயிருந்தால்? தகப்பனார் வைத்தாரோ தெரியாத புள்ளியை, மகன் வேண்டாம் என்ற புள்ளியை, நான் யார் வைக்க? சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போதும் இதே யோசனைதான்.

வெளியீட்டு விழாவுக்கு அண்ணை கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். மடியில் புதுப் புத்தகம். அவர் அதைத் திறக்கவில்லை, தடவிக்கொண்டே இருந்தார். கவிசா மேடையில் கடைசிக் கீர்த்தனையை எடுத்தாள். புத்தகத்தில் இருந்ததைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு நின்ற என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைசி வரி வந்தது. பிள்ளை மூச்சு விட்டாள். மேல்ஸ்தாயிக் 'க'வை எட்டிப் பிடித்தாள்.

அண்ணை சட்டென்று தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. புத்தகத்தின் மேலிருந்த வலதுகை மெல்ல எழும்பி, சுட்டுவிரல் மேலே போனது. கவிசாவுக்கு மூச்சு முடியும்வரை அந்த விரல் இறங்கவில்லை.